ஆணையம் தரும் தொகையும் 1882-ஆம் ஆண்டுத் தீர்ப்பும்



இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கப் பணித்தபோது மகிழ்ச்சியோடு அச்சமும் சேர்ந்தே வந்தது. இத்துறையில் எங்களுக்கெல்லாம் வழிகாட்டியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பேசுவதைப் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

அரசுத் துறைகள் மீதான இழப்பீட்டுக் கோரிக்கைகளை மாநில மனித உரிமை ஆணையம் எப்படித் தீர்க்கிறது என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இழப்பீட்டுப் பரிந்துரைக்கு இடம் தரும் 18-ஆம் பிரிவும், ஓராண்டு கடந்த நிகழ்வை விசாரிக்கக் கூடாது என்னும் 36-ஆம் பிரிவும் நீங்கள் அறிந்தவை. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்ததையும் விளக்க வேண்டியதில்லை. கட்டுரையாளர்கள் விரிவாகப் பேசுவார்கள்.

ஆணையம் பரிந்துரைக்கும் இழப்பீட்டுத் தொகையை எந்தக் கடமையின்பேரில் அரசு தருகிறது? என் கேள்வி இதுதான்.

நம் பாடநூல்கள் அரசின் இழப்பீட்டுப் பொறுப்பின் வரலாற்றை 1861-இல் கல்கத்தாவில் தொடங்குகின்றன. கிதிர்ப்பூரில் அரசின் கப்பல் பட்டறை. கப்பலைப் பழுதுபார்க்க ஒரு கனத்த இரும்பைத் தொழிலாளர்கள் சாலையில் தூக்கிச் செல்கிறார்கள். பின்னால் குதிரை வண்டி வர, பதறிப்போய் இரும்பைக் கீழே போடுகிறார்கள். சத்தத்தில் மிரண்ட குதிரை அதன்மேல் பாய்ந்து காயப்படுகிறது. வண்டிக்குரிய கப்பல் நிறுவனம் கேட்டது 350 ரூபாய். அரசு தர வேண்டும் என்றுதான் தலைமை நீதிபதி பீகாக் முடித்தார். ஆனால் இறையாண்மைப் பணியாக இருந்திருந்தால் பொறுப்பில்லை என்று போகிற போக்கில் அவர் சொன்ன கருத்துதான் நூறாண்டுக்கு மேல் நம்மை ஆட்டிவைத்தது.

விளைவை மீரட்டில் பார்த்தோம். 1947-இல் ஒரு வியாபாரியைக் காவலர்கள் பிடித்து, அவரிடமிருந்த நூறு தோலாவுக்கும் மேற்பட்ட தங்கத்தைக் கைப்பற்றினார்கள். காவல் நிலையப் பொருள் காப்பறையில் இருந்த அந்தத் தங்கத்தோடு தலைமைக் காவலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் சட்டம் தந்த இறையாண்மை அதிகாரம், ஆகவே அரசுக்குப் பொறுப்பில்லை என்று கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் நம் சென்னை உயர் நீதிமன்றம் 1882-இல் ஹரி பான்ஜி வழக்கில் சொன்னதை ஏன் அடிக்குறிப்பிலேயே விட்டுவிட்டோம்? பம்பாயிலிருந்து உப்பு கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே வரி உயர்கிறது. இறங்கிய துறைமுகத்தில் கூடுதல் வரி கேட்கிறார்கள். வணிகர் மறுப்புத் தெரிவித்தபடியே கட்டிவிட்டு வழக்குப் போடுகிறார். அரசின் செயலை நீதிமன்றம் கேட்க முடியாது என்ற வாதத்தைத் தலைமை நீதிபதி டர்னர் ஏற்கவில்லை. நாட்டுச் சட்டம் தந்த அதிகாரத்தைக் காட்டி ஒரு செயலைச் செய்தால், அந்தச் சட்டத்தின்படியே அதை விசாரிக்கலாம் என்றார். கஸ்தூரிலாலில் அரசுக்குத் தப்பும் வழியான சட்ட அதிகாரமே இங்கே அரசைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டில் எது குடியாட்சிக்குப் பொருந்தும்?

அது வரி வழக்கு, தீங்கியல் வழக்கல்ல என்று என் மதிப்பிற்குரிய நண்பர்கள் சிலர் மறுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய புலமைக்குத் தலைவணங்குகிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. அங்கே ஆராயப்பட்டது அதிகாரத்தின் தன்மை. சட்ட ஆணையத்தின் 1956-ஆம் ஆண்டு முதல் அறிக்கை அத்தீர்ப்பை எடுத்து ஆய்ந்ததும் அதனால்தான்.

அடிப்படை உரிமை மீறலுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்ற நீலபதி பெஹெரா தீர்ப்பு 1993-இல் வந்தபின் இந்தப் பழங்கதை எதற்கு என்பார் இன்னொரு சாரார். அடிப்படை உரிமைக்காக உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகிறவருக்கு அந்தத் தீர்ப்பு போதும். சார்பு நீதிமன்றத்தில் சாதாரண வழக்குப் போடுகிறவர் முன்னே கஸ்தூரிலால் இன்னும் நிற்கிறது. அது வலுவிழந்தது என்று பின்வந்த அமர்வுகள் சொன்னாலும், அதைவிடப் பெரிய அமர்வு எதுவும் அதை நீக்கவில்லை.

ஆணையத்தின் தொகைக்கு இப்போது வருகிறேன். அரசுப் பேருந்து மோதி 28 வயது இளைஞர் இறந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவர் வருமானத்தை எடுக்கும். அவருடைய சொந்தச் செலவைக் கழிக்கும். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 17-ஆல் பெருக்கும். தொகை போதாது என்றால் எந்த இடத்தில் போதாது என்று மேல்முறையீட்டில் காட்டலாம். அதே இளைஞர் காவல் நிலையத்தில் அடிபட்டால் ஆணையத்திடமிருந்து ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று ஒரே மொத்தத் தொகையாக வருகிறது. ஏன் ஐம்பதாயிரம் என்பதற்குக் கணக்கைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்தத் தொகையை யாருடைய சம்பளத்தில் பிடிப்பது என்பது பற்றி ஆணை தெளிவாகப் பேசுகிறது. அடிபட்டவர் இழந்த கூலி, மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத மாதங்கள் பற்றிப் பேசுவதில்லை. கடமை என்று ஒப்புக்கொண்டால் கணக்குக் காட்டியாக வேண்டும். அந்த ஒப்புதலுக்கான அடிப்படை 1882-லேயே நம் மண்ணில் கிடைத்துவிட்டது.

அரசின் பொறுப்பை வரையறுக்கச் சட்டம் வேண்டும் என்றது சட்ட ஆணையத்தின் 1956 அறிக்கை. 1965-லும் 1967-லும் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. நாளை மாலை நிறைவு அமர்வில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிய விரும்புகிறேன்: அந்தச் சட்டம் வேண்டும், அதுவரை ஆணையம் தன் ஒவ்வோர் ஆணையிலும் தொகைக்கான கணக்கை எழுத வேண்டும். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் தங்கள் வாதங்களோடு அந்த அமர்வுக்கு அவசியம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.