பாயிரம் இல்லாத நிரல்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், கொல்லிமலை செம்மேட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வந்திருக்கும் உங்கள் முன் கவிதையைப் பற்றிப் பேசாமல் மென்பொருளைப் பற்றிப் பேச நிற்கிறேன். முதற்கண் அதற்காகப் பொறுத்தருள வேண்டும். ஆயினும் தொடங்குவது இம்மலைக்குரிய ஓரியிடமிருந்துதான்.

புறநானூற்றின் 152ஆம் பாடல் வன்பரணர் பாடியது. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. இவன் ஓரிதானோ, அல்லனோ என்று ஐயுறுகிறது. முழவும் யாழும் இயைத்துப் பாடி, முடிவில் 'கோ' என்று விளிக்கிறது. அது தன் பெயராகவே இருத்தலால் அவன் நாணுகிறான். மேலும் புகழ வாய்திறக்கவும் விடாமல், மான் ஊனும் மதுவும் பொன்னும் மணியும் அள்ளித் தருகிறான். கொடுக்கத் தெரிந்தவனுக்குத் தன்னைப் பற்றிப் பேசத் தெரியவில்லை. பேசியவர் வன்பரணர். அவர் பேசியிராவிடில் அந்த வேட்டுவன் யாரென்று நமக்கு ஏது?

இன்று தமிழில் கட்டற்ற மென்பொருள் எழுதும் இளைஞர் பலர் இந்த ஓரியின் இனத்தவர். கட்டற்ற மென்பொருள் என்பது, எவரும் பயன்படுத்தவும், அதன் மூலநிரலைப் படித்துத் திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவு பெற்ற மென்பொருள். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இவ்வழியில் வந்தவை. நம் பிள்ளைகளும் எழுத்துரு மாற்றி, சொற்பிழை திருத்தி, அகராதி என்று இரவெல்லாம் விழித்து எழுதுகின்றனர். எழுதி முடித்ததும் பொதுவில் வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கின்றனர். அது என்ன, யாருக்கு, எப்படி என்று இரண்டு வரி எழுதுவதில்லை.

இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதை இம்மலரைத் தொகுக்கையில் உணர்ந்தேன். மறைந்த நம் உறுப்பினர் ஒருவரின் கவிதைகள் முப்பதுக்கு மேல், ஒரு பழைய கோப்பில் மட்டுமே எஞ்சியிருந்தன. கைப்படி இல்லை. கோப்போ யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் இருந்தது. அதனை மாற்றித் தரும் கட்டற்ற நிரல் ஒன்று கிடைத்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. விளக்கம் எதுவும் இல்லை. இட்டுப் பார்த்தால் கொம்புகள் எல்லாம் இடம் மாறி, சொற்கள் உருக்குலைந்து வந்தன. பழைய எழுத்துருக்களில் கொம்பு, கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி, மெய்க்கு முன்னே நிற்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னே பதியப்படும். மூல எழுத்துரு எதுவென்று நிரலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு வழியும் நிரலின் உள்ளேயே இருந்தது. அதைச் சொல்வார்தாம் இல்லை. நண்பர் ஒருவர் மூலநிரலையே படித்துக் கண்டுபிடிக்க மூன்று மாலைகள் ஆயின. அந்த நண்பர் இல்லையெனில் அக்கவிதைகள் இம்மலரில் இடம்பெற்றிரா.

நிரலை எழுதியவர் மேல் எனக்குச் சினம் இல்லை. நன்னூல் அவர் பக்கம் நிற்கிறது. எத்துணைத் துறை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளல் தகாது என்பார் பவணந்தியார். அதனாற்றான் சிறப்புப்பாயிரம் உரைக்கும் கடமையை ஆசிரியனுக்கு வைக்காமல், அவனுடைய ஆசான், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருக்கு வைத்தார். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் பாயிரம் தந்ததும் இம்மரபே. அதே பவணந்தியார், எவ்வளவு விரிந்ததாயினும் பாயிரம் இல்லாதது நூலாகாது என்றும் உரைத்தார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பாயிரம் வேண்டும், எழுதியவனே அதனை எழுத வேண்டுவதில்லை.

பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு. அவற்றை ஒவ்வொன்றாக நிரலுக்குப் பொருத்திக் காட்டிச் சலிப்பூட்ட மாட்டேன். எல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு அது வழங்கும் நிலப்பரப்பு. நிரலுக்கு எந்தக் கணினியில், எந்த இயங்குதளத்தில் ஓடும் என்பது. யாப்பு என்பதற்கு, இதனைக் கற்பதற்கு முன் எதனைக் கற்றிருக்க வேண்டும் என்னும் இயைபைப் பொருளாகக் கூறுவதுண்டு. நிரலை நிறுவுமுன் வேறு எவற்றை நிறுவ வேண்டும் என்பதே இங்கு யாப்பு. பெரும்பாலோர் தடுக்கி விழும் இடமும் அதுவே. கேட்போர் யார், பயன் என்ன என்ற இரண்டும் முதல் இரண்டு வரிகளிலேயே வந்துவிட வேண்டும். நிரலர்கள் அவற்றைத்தான் முதலில் மறக்கிறார்கள்.

பாயிரத்தில் இல்லாத ஒன்று உரிமம். ஓலையைப் படியெடுக்க எவரும் எழுத்துமூல இசைவு கேட்டதில்லை. இன்றைய சட்டம் வேறு. உரிமம் இன்னதென்று சொல்லாத நிரல், பொதுவில் கிடந்தாலும் எழுதியவருக்கே உரியது. பிறர் எடுத்தாள இசைவு இல்லை. ஊருக்குக் கொடுக்க நினைத்தவர் ஒரு வரி எழுதாமையால் கொடாதவர் ஆகிவிடுகிறார்.

நல்ல முன்மாதிரிகள் நமக்கு உண்டு. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல் ஒவ்வொன்றின் முகப்பிலும், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற குறிப்பு இருக்கும். அம்முகப்பை நீக்காமல் எவரும் இலவசமாக வழங்கலாம் என்ற இசைவும் இருக்கும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழிக்குக் கற்பிக்கும் நூல் எழுத எழுத்தாளர் என். சொக்கன் உடன் நின்றார். 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் லினக்ஸ் முதலியவற்றை நல்ல தமிழில் விளக்கி வருகிறது.

இன்னும் ஒன்று. 1971இல் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டில், கட்டளைகளின் விளக்கத்தோடு அவற்றின் குறைகளைச் சொல்லவும் தனிப்பகுதி இருந்தது. இது இன்ன இடத்தில் பிழைபடும் என்று ஆக்கியோரே அச்சிட்டுக் கொடுத்தனர். நம் காப்பியப் புலவர்களின் அவையடக்கம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் நம் அவையடக்கத்தில் குறை எங்கே என்று எவரும் காட்டுவதில்லை! அந்த எழுத்துரு மாற்றி ஆய்த எழுத்தைச் சில வேளை விழுங்கிவிடுகிறது என்பதை அதன் விளக்கத்தில் வெளிப்படையாக எழுத விரும்புகிறேன்.

ஆம், அதற்கு விளக்கம் எழுதத் தொடங்கியுள்ளேன். ஆசிரியருக்கு மடல் எழுதினேன், மகிழ்ந்து இசைந்தார். இரண்டு பக்கம் ஆயிற்று. எனினும் என் நடை அலுவலகச் சுற்றறிக்கை போல இருக்கிறது. சொற்செட்டு அறிந்தவர்கள் நீங்கள். பிற்பகலில் பலரும் ஆகாய கங்கைக்குப் போவதாகக் கேள்வி. படிகள் ஆயிரத்துக்கும் மேல். இறங்கி ஏற முழங்கால் இடம்தராதவர்கள் இரண்டு பேர் என்னோடு இங்கேயே இருந்து அந்த இரண்டு பக்கங்களைத் திருத்தித் தர வேண்டுகிறேன். மடிக்கணினி கொண்டு வந்திருக்கிறேன்.