தண்ணீர் இல்லாமல் வேகும் சட்டிக்கு 48,000 ரூபாயா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் பேசியது)



என்னைக் கடன் வசூல் பத்திப் பேசச் சொன்னாங்க. அது ஆண்டறிக்கையிலேயே இருக்கு, வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கலாம். எனக்கு வேற ஒண்ணு சொல்லணும். போன மூணு மாசத்தில் நம்ம கூட்டமைப்புக்கு வந்த கடன் மனுக்களில் நாலு மனு ஒரே காரணத்துக்கு: "சமையல் பாத்திரம் வாங்க." ஒவ்வொண்ணும் 48,000 ரூபாய். மாடு வாங்கக் கேட்டவங்க கூட அவ்வளவு கேட்கலை.

என்ன பாத்திரம்னு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு குழு உறுப்பினர் வீட்டுக்கு டெமோ காட்டுறவங்க வந்தாங்க. பளபளன்னு கனமான ஸ்டீல் சட்டி, மேல கனமான மூடி. கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் நறுக்கிப் போட்டு, தண்ணி ஊத்தாமல் அடுப்பைச் சிறுசா வெச்சு வேக வெச்சாங்க. நல்லாத்தான் இருந்தது. நானும் சாப்பிட்டேன், நிறம் கூட மாறலை.

அதில் மந்திரம் எதுவும் இல்லைங்க. கேரட்டிலும் கோஸிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணிதான். அடி கனமாக இருந்தால் சூடு ஒரே சீராகப் பரவும், கருகாது. மூடி இறுக்கமாக உட்கார்ந்தால் காயில் இருந்து வர்ற ஆவி வெளியே போகாமல் மறுபடி காய் மேலேயே விழும். நம்ம அம்மாக்கள் சட்டி மேல தட்டைக் கவுத்து, அந்தத் தட்டில் கொஞ்சம் தண்ணி ஊத்தி வெச்சது எதுக்கு? இதே வேலைக்குத்தான். தட்டு குளிர்ந்திருந்தால் ஆவி அதில் பட்டு நீராகித் திரும்பச் சொட்டும்.

சத்து வீணாகாதுன்னு அவங்க சொன்னதில் உண்மை இருக்கு. வைட்டமின் சி-யும் பி வகைகளும் தண்ணியில் கரையும். வேக வெச்ச தண்ணியைக் கீழே கொட்டினால் அதுவும் போயிடும். ஆனால் நம்மில் யார் காய் வெந்த தண்ணியைக் கொட்டுறோம்? குழம்பிலேயும் கூட்டிலேயும் அது தட்டுக்கு வந்திடுது. கஞ்சி வடிக்கிறவங்க மட்டும் யோசிக்கணும். அதுக்கும் 48,000 தேவையில்லை, கஞ்சியைக் குடிச்சால் போதும்.

அப்புறம் சோடா உப்பு சோதனை. ஒரு அலுமினியச் சட்டியிலும் அவங்க சட்டியிலும் சோடா உப்பு போட்டுத் தண்ணி கொதிக்க வெச்சாங்க. ரெண்டையும் குடிச்சுப் பார்க்கச் சொன்னாங்க. அலுமினியத் தண்ணி கசந்தது. உடனே ஒரு அக்கா முகம் வெளுத்துப் போச்சு, "இத்தனை வருசமா பிள்ளைகளுக்கு விஷமா போட்டேன்?"னு கேட்டாங்க. சோடா உப்பு காரம். காரம் அலுமினியத்தை அரிக்கும். புளியும் தக்காளியும் அரிக்கத்தான் செய்யும், அதனால் புளிக்குழம்பை அலுமினியத்தில் ராத்திரி முழுக்க வைக்காதீங்கன்னு நானே சொல்வேன். ஆனால் அவங்க ஒப்பிட்டது நம்ம பழைய அலுமினியத்தோடு. பக்கத்திலேயே இருந்த எவர்சில்வர் பாத்திரத்தை ஏன் எடுத்து அடுப்பில் வைக்கலை? அதில் வெச்சிருந்தாலும் கசந்திருக்காது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கீழே மேட்டுப்பாளையத்தில் இந்தச் சட்டியைப் பத்தி யாராவது கேட்டால் நான் வேற மாதிரி பேசியிருப்பேன். நாம மலை மேல இருக்கோம். குன்னூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் அடி ஏறினால் தண்ணி கொதிக்கிற சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணி குன்னூரில் 94 டிகிரியிலேயே கொதிச்சிடும், ஊட்டியில் 93-க்கும் கீழே. அடுப்பை எவ்வளவு பெருசாக எரிச்சாலும் திறந்த சட்டியில் அதுக்கு மேல ஏறாது. கல்யாணமாகிக் கீழே இருந்து வந்த மருமகளுங்க "பருப்பே வேக மாட்டேங்குது அத்தை"ன்னு அழுறது இதனாலதான். பருப்பு மேல பழி போடாதீங்க.

இதை ஜெயிக்க ஒரே வழி ஆவியை அடைச்சு அழுத்தம் ஏத்துறது. 1679-ல் டெனிஸ் பாப்பின் என்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச வேலை அது. அதுதான் நம்ம குக்கர். வெயிட் போட்ட குக்கருக்குள்ள ஊட்டியில் கூடச் சூடு 115 டிகிரி வரைக்கும் போகும். அந்த விலை உயர்ந்த சட்டியின் மூடி கனமாக இருக்கே தவிர, பூட்டாது. அழுத்தம் ஏறாது. அப்போ உள்ளே இருக்கிறதும் அதே 93, 94 டிகிரிதான். காய்க்கு அது போதும். துவரம்பருப்புக்கும் காஞ்ச அவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் போதாது.

ஒரு அக்கா சீட்டுப் பணம் எடுத்து ஏற்கெனவே அந்த செட்டை வாங்கிட்டாங்க. அவங்க சம்மதத்தோட ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டிலேயே சமைச்சுப் பார்த்தோம். அரைக் கிலோ கேரட்டை அந்தச் சட்டியில் ஒரு பக்கம், என் வீட்டு இரும்புச் சட்டியில் தட்டு மூடி ரெண்டு கரண்டித் தண்ணி தெளிச்சு ஒரு பக்கம். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம். ருசியில் அவங்க சட்டிக்கு அரை மார்க் கூடப் போடலாம். ஊற வெச்ச அவரையைப் போட்டபோதுதான் தெரிஞ்சது. ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் கடுக்குன்னு இருந்தது. குக்கரில் நாங்க அதுக்குள்ள சாப்பிட்டே முடிச்சிருப்போம். அந்த அக்கா சிரிச்சுட்டு, "அப்போ குக்கரைத் தூக்கிப் பரண்ல போடச் சொன்னாங்களே"ன்னாங்க. போடாதீங்க அக்கா.

கணக்கு பார்ப்போமா? பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்ன்னு வெச்சாலும் 48,000-க்கு 2,400 கிலோ இலை பறிக்கணும். உரம், ஆள் கூலி எல்லாம் கழிக்காமலே. நம்ம உள்கடனில் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 மாசம், மாசம் 2,000 அசல். மொத்த வட்டி 6,000 வரும். அந்த வட்டிப் பணத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஒரு குக்கரும் அடி கனமான ஒரு ஸ்டீல் சட்டியும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம், சந்தையில் முத்திரை இல்லாததைக் கையில் எடுக்காதீங்க.

கையில் காசு இருந்து, ஆசைப்பட்டு வாங்குறவங்களை நான் தடுக்கலை. நல்ல ஸ்டீல், முப்பது வருசம் உழைக்கும், மகளுக்குச் சீராகக் கூடக் கொடுக்கலாம். நகை வாங்குறோம், பட்டு வாங்குறோம், யாரும் கேள்வி கேட்கிறதில்லை. ஆனால் கடன் வாங்கி வேண்டாம். சர்க்கரை குறையும்னு நம்பி நிச்சயமாக வேண்டாம். டெமோவில் அப்படிச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எந்தச் சட்டியும் சர்க்கரை நோயைக் குணமாக்காது. 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது, அதை நிறுத்தாமல் போடுங்க.

எனக்கு உண்மையில் பயம் பாத்திரத்தைப் பத்தி இல்லை. "நீங்க வாங்கினால் நீங்களும் விக்கலாம், மூணு பேரைச் சேர்த்து விட்டால் உங்க காசு திரும்பிடும்"னு சொன்னாங்களே, அதைப் பத்தித்தான். அந்த மூணு பேர் யார்? நம்ம குழுவில் பக்கத்தில் உட்கார்ற பெண்தானே. பன்னிரண்டு பேர் குழுவில் முதல் ஆள் மூணு பேரைச் சேர்த்து, அந்த மூணு பேரும் மூணு மூணு பேரைச் சேர்த்தால் பதிமூணு ஆச்சு. அதோட குழுவே முடிஞ்சது. கடைசி ஒன்பது பேர் யாரிடம் போவாங்க? ஆள் சேர்க்கிறதிலேயே பணம் சுத்துகிற திட்டத்தை 1978-ம் வருசச் சட்டமே தடை பண்ணியிருக்கு. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அதையே சொல்லுது. 2022 ஏப்ரலில் அமலாக்கத் துறை ஆம்வே இந்தியா நிறுவனத்தின் 757 கோடி ரூபாய்க்கு மேலான சொத்துகளை முடக்கினது பேப்பரில் வந்தது. திண்டுக்கல் மாவட்டத்து ஆலையும் அதில் சேர்த்தி. குற்றச்சாட்டு சரியான்னு நீதிமன்றம்தான் சொல்லணும். நம்ம ஊருக்கு வந்தவங்க அந்த நிறுவனம் இல்லை, அதையும் சொல்லிடறேன். நாம ஒரு குழுவில் சேர்ந்தது ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன் நிக்க. ஒருத்தர் தலையில் ஒருத்தர் சரக்கைக் கட்ட இல்லை.

அந்த விதிகளில் நமக்கு உதவுற ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு விக்க வர்றவங்க அடையாள அட்டை வெச்சிருக்கணும், முன்னாடியே கேட்டு அனுமதி வாங்கிட்டு வரணும், பொருளைத் திருப்பிக் கொடுக்கிற நிபந்தனையைத் தெளிவாகச் சொல்லணும். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கூப்பிட்டுக் கேட்கலாம்.

போன செயற்குழுவில் நாங்க முடிவு பண்ணினது இது. குழுக் கூட்டம் நடக்கிற இடத்தில் யாரும் பொருள் டெமோ காட்டக் கூடாது. பாத்திரக் கடன் 6,000 வரைக்கும் மட்டும். நாலு மனுவில் ரெண்டு பேர் மனுவைத் திரும்ப வாங்கிட்டாங்க, ஒருத்தர் தொகையை 5,000 ஆக்கினாங்க. நாலாவது அக்கா இன்னும் யோசிக்கிறாங்க. அவங்க இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க, பேர் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் இருப்பேன் அக்கா, டெமோ சீட்டையும் எடுத்துட்டு வாங்க, உட்கார்ந்து கணக்கு பார்க்கலாம்.