கதிர்காமப் பாதையில் ஒரு பட்டினம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கதிர்காமப் பாதயாத்திரை என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது காடுதான். உகந்தையில் வேலவனை வணங்கிக் குமண, யால வனங்களினூடே நடப்பதையும், யானையின் அடிச்சுவட்டையும், வெயிலையும் தாகத்தையும் பலர் பலவாறு பேசியிருக்கின்றனர். ஆயினும் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து வரும் அடியார்கள் அக்காட்டை அடையுமுன் திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய பட்டினங்களைக் கடந்தே வருகின்றனர். அவற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆதலின் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயந் தொடங்கி ஆரையம்பதிக் கந்தசுவாமி கோயில் வரையுள்ள பாதையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். கடந்த ஆண்டு அம்மம்மா, தாய் தந்தையர், பத்து வயதுத் தம்பி ஆகியோருடன், அடியார் குழுவொன்றின் பின்னால் அவ்வழியை நடந்தேன்.

"ஒரு நாள் தார் வீதியில் நடப்பது யாத்திரையா, உலாவா?" என்று மன்றத்து மூத்தவர் ஒருவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மிஷன் பாடசாலையிற் பயின்றோர் ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரைக் கதையை அறிவர். அதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னுங் காவியத்தை இயற்றினார். பனியனின் கதையில் யாத்திரிகர் இருவர் மாயச் சந்தை நடைபெறும் பட்டினத்தைக் கடக்க நேரிடுகின்றது. அவ்வூரார் அவர்களைப் பிடித்து அடித்துச் சிறையிலிடுகின்றனர். ஒருவர் கொலையும் உண்கிறார். பட்டினம் அங்கே தப்பிச் செல்லவேண்டிய இடம். நமது பாதையிலோ பட்டினத்துக்கு வேறு தொழில் உண்டு. காட்டிலே அடியவன் தான் சுமந்து வந்த அரிசியை உண்கிறான்; பட்டினத்திலே பிறர் இட்டதை உண்கிறான். கையேந்துவது எளிதன்று. படித்த பிள்ளைகளாகிய எங்களுக்கு அது யானையினும் அச்சந் தருவது.

மாமாங்கத் தீர்த்தக் குளத்திற் கால் நனைத்து விடியுமுன் புறப்பட்டோம். வழியெங்கும் வீட்டு வாசல்களிற் பெண்கள் குடத்துடன் நின்று, வேல் தாங்கிய சாமியாரின் பாதங்களில் மஞ்சள்நீர் வார்த்தனர். கல்லடியில் 1924இல் எழுந்த பழைய இரும்புப் பாலத்தின் மேல் நடந்தோம். அருகிலுள்ள புதுப் பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பாடும் மீனைக் கேட்க வேண்டுமென்று தம்பி கம்பியிற் காதை வைத்துக்கொண்டு நகர மறுத்தான். பகலில் மீன் பாடாது என்று சொல்லி இழுத்து வரவேண்டியதாயிற்று. அப்பால் கல்லடி உப்போடையிலே சுவாமி விபுலானந்தரின் சமாதியை வணங்கினோம். 1892இற் காரைதீவிற் பிறந்த அப்பெரியாரும் மிஷன் பாடசாலைகளிற் கற்றவரே. மிஷன் பாடசாலைப் பிள்ளைகள் சமயத்துக்குப் புறம்பாகிவிடுவர் என்போர் அவ்விடத்திற் சற்று நின்று பார்க்கலாம்.

நாவற்குடாவைத் தாண்டும்போது தார் நெருப்பாய்ச் சுட்டது. மர நிழல் இல்லை, தண்ணீரும் தீர்ந்தது. அடுத்து வருவது காத்தான்குடி. தந்தை பேச்சை நிறுத்திவிட்டார். அவ்வூரில் 1990 ஆகஸ்ட் 3ஆந் திகதி, இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் நம்மவர் 180க்கும் மேற்பட்டோர், பச்சிளங் குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். வடக்கேயிருந்து வரும் அடியார் இவ்விரண்டு ஊர்களையும் ஒரே நாளில் மிதித்துச் செல்கின்றனர். காட்டிலே இவற்றை மறந்திருக்கலாம். இந்த வீதியில் மறக்க இயலாது. அவ்வாண்டுக்குப் பின் அம்மம்மா அவ்வீதியைப் பேருந்தில் மட்டுமே கடந்திருக்கிறார். அப்போதும் யன்னற் பக்கம் இருப்பதில்லை.

பேரீச்சை மரங்கள் நிற்கும் அந்த வீதியிலே புடைவைக் கடைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். "அம்மா, கால் சுடும். உள்ள வந்து இருங்க" என்றார். அம்மம்மா தயங்கி நின்றார். அவர் கதிரையொன்றை வாசலிலேயே கொண்டுவந்து வைத்து, தம்பியின் கையிலே தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தார். அம்மம்மா அதை வாங்கி அண்ணாந்து குடித்தார்.

"கதிர்காமத்துக்கா போறீங்க? எங்கட பள்ளியும் அங்க இருக்கு" என்றார் அவர். உண்மைதான், முருகன் சந்நிதிக்கு அருகிலேயே பள்ளிவாசல் இருக்கின்றது.

"இல்லைத் தம்பி, நான் ஆரையம்பதி மட்டுந்தான்" என்றார் அம்மம்மா.

"அதுவும் அந்த வழிதானே" என்று சொல்லி அவர் செம்பை மறுபடி நிரப்பக் கொண்டுபோனார்.

மூத்தவர் கேட்ட கேள்விக்கு இதனினும் நல்ல விடை என்னிடம் இல்லை.

சபையோரிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு அடியார்கள் நகரைக் கடக்கும் நாளில் நாவற்குடாவில் நம் மன்றம் தண்ணீர்ப்பந்தல் ஒன்று அமைக்க வேண்டும். மோரும் ஊறுகாயும் வைக்கலாம். காடு செல்ல இயலாத முதியோரையும் சிறுவரையும் இளைஞர் கைபிடித்து மாமாங்கத்திலிருந்து அழைத்து வரலாம். அந்தப் புடைவைக் கடைக்காரரை நேரிற் சென்று அழைக்கும் பொறுப்பை என் தந்தை ஏற்றிருக்கிறார். கிடுகும் கம்பும் மன்றம் தந்தால், குடங்கள் எங்கள் வீட்டிலிருந்து வரும்.