கட்டிய கப்பல், கிட்டாத கப்பல்

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளர் அறிவித்தவுடன் உங்களிலே சிலர் புன்னகை புரிந்ததைக் கண்டேன். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. இவர் கருங்கடல் கப்பலைப் பேச வந்துவிட்டாரே என்று எண்ணியிருப்பீர்கள். எண்ணியதில் தவறில்லை. ஆனால் ஒரு நாடு தன் படைக்கலத்தை எவரிடம் வாங்குகிறது, வாங்கிய பின்னும் அதன் கடிவாளம் எவர் கையிலே இருக்கிறது என்பது, தளபதிகள் மட்டும் தனியறையில் கூடிப் பேசித் தீர்க்கின்ற செய்தியன்று. கொட்டிக் கொடுக்கப்படும் பணம் உழைப்பவன் பணம். அந்தக் கப்பல் கொண்டுபோய் இறக்கும் படையோ, வேறொரு நாட்டிலே உழைப்பவன் வீட்டு வாசலிலேதான் போய் நிற்கும்.

2008ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் ஐந்து நாட்கள் போரிட்டன. வல்லரசுக்கும் சிறு நாட்டுக்கும் நடந்த போர். முடிவு எப்படியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வென்ற பிறகும் ரஷ்யக் கடற்படைத் தலைமைக்கு மனநிறைவு ஏற்படவில்லை. ஓராண்டு கழித்து, 2009 செப்டம்பரிலே, கடற்படைத் தலைவர் விளாதிமிர் விசோத்ஸ்கி ஒரு கணக்குச் சொன்னார். பிரெஞ்சுக்காரரிடம் இருக்கும் 'மிஸ்த்ரால்' வகைக் கப்பல் ஒன்று நம்மிடம் அன்றைக்கு இருந்திருக்குமானால், கருங்கடற் படைப்பிரிவு 26 மணி நேரத்தில் செய்த வேலையை 40 நிமிடத்தில் முடித்திருக்கும் என்றார்.

அந்தக் கணக்கை மாஸ்கோவிலே கேட்டவர்கள் கைதட்டியிருக்கலாம். ஜார்ஜியாவின் துறைமுகத்திலே மூட்டை தூக்குபவன் காதிலே அது எப்படி விழுந்திருக்கும்? நம் வீட்டுக்குள் நுழைய இவர்களுக்கு எத்தனை நாழிகை ஆகும் என்பதைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்று விழுந்திருக்கும். லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா ஆகிய பால்டிக் கரை நாடுகள் அன்றே அஞ்சிக் குரல் எழுப்பின. பெரியவர்கள் பேரம் பேசும் இடத்திலே சிறியவர்கள் குரல் எங்கே எடுபடும்!

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கப்பலில் என்று கேட்பீர்கள். 199 மீட்டர் நீளம். ஏறக்குறைய 21,000 டன் எடை. மேல்தளம் முழுதும் ஹெலிகாப்டர்கள் எழும்பி இறங்கும் களம். பதினாறு பெரிய ஹெலிகாப்டர்களைச் சுமக்கும். அடித்தளத்திலே தண்ணீரை உள்ளே விட்டு நிரப்பிக்கொள்ளும் ஒரு குளம். பின்கதவைத் திறந்தால் அங்கிருந்து படகுகள் டாங்கிகளைச் சுமந்துகொண்டு நேரே கரைக்குப் போகும். 450 போர்வீரர்கள் தங்க இடம், 69 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை. துறைமுகம் இல்லாத கரையிலும் படையை இறக்கிவிட்டுத் திரும்பலாம். பகைவன் கரையோரம் காவல் வைத்திருந்தாலோ, அவன் தலைக்கு மேலே பறந்துபோய் அவன் முதுகுக்குப் பின்னால் இறக்கலாம். அதே கப்பல் புயலிலே சிக்கியவர்களையும் போரிலே தவிப்பவர்களையும் ஏற்றிக்கொண்டு வரவும் செய்யும். 2006ஆம் ஆண்டு லெபனானிலே குண்டுகள் விழுந்தபோது, மிஸ்த்ரால் கப்பல் அங்கே சென்று மக்களை மீட்கும் பணியிலே ஈடுபட்டது. விற்க வருகிறவர்கள் எப்போதும் மருத்துவமனையைத்தான் முதலிலே காட்டுவார்கள். வாங்க வருகிறவர்கள் கண் மட்டும் மேல்தளத்திலேயே இருக்கும்.

ரஷ்யாவுக்குக் கப்பல் கட்டத் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். தெரியும். ஆனால் கதை அத்தனை எளிதன்று. சோவியத்து நாட்களிலே பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டிய மிக்கோலாயிவ் நகரம், 1991க்குப் பின் உக்ரைன் நாட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. படையிறக்கும் 'ரோபுச்சா' வகைக் கப்பல்களோ, போலந்து நாட்டின் கதான்ஸ்க் நகரிலே கட்டப்பட்டவை. ஒரே முகாம் என்று இருந்த காலத்திலே பங்கு பிரித்துக் கொடுத்த தொழில், முகாம் கலைந்தபோது அந்தந்த நாட்டோடு போய்விட்டது. எஞ்சிய கட்டுத்துறைகளின் வேகம் எப்படி? 'இவான் கிரேன்' என்னும் படையிறங்கு கப்பலை 2004இலே தொடங்கினார்கள். 2018இலேதான் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். பதினான்கு ஆண்டுகள்! ஆகவே வெளியே வாங்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சர் செர்தியூக்கோவ் தரப்பு முனைந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. வாங்கினால் கப்பல் மட்டுமல்ல, கட்டும் நுட்பமும் கைக்கு வரும் என்று கருதினார்கள்.

2009 நவம்பரில் மிஸ்த்ரால் கப்பலே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்து நேவா ஆற்றிலே நின்றது. காமோவ் ஹெலிகாப்டர்கள் அதன் தளத்திலே இறங்கிக் காட்டின. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதுண்டு. இங்கே பெண்ணே புறப்பட்டு வந்துவிட்டது! நான்கு கப்பல்கள், இரண்டைப் பிரான்சிலும் இரண்டை ரஷ்யாவிலும் கட்டுவது என்று பேச்சு நடந்தது. 2011 ஜூன் 17ஆம் நாள் முதல் இரண்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விலை ஏறக்குறைய 120 கோடி யூரோ. மற்ற இரண்டும் பேச்சோடு நின்றன.

இதிலே பிரான்சின் பங்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2008 ஆகஸ்டிலே ஜார்ஜியப் போரை நிறுத்த நடுவராகப் போனவர் எவர்? பிரான்சின் குடியரசுத் தலைவர் சார்க்கோசி. ஆறு அம்ச உடன்பாட்டைக் கையிலே வைத்துக்கொண்டு இரண்டு தலைநகரங்களுக்கும் பறந்தவர். மூன்று ஆண்டுக்குள், எந்தக் கப்பல் இருந்தால் அந்தப் போரிலே கடற்படையின் வேலையை 40 நிமிடத்தில் முடித்திருக்கலாம் என்று ஒரு தரப்பு சொன்னதோ, அந்தக் கப்பலை அந்தத் தரப்புக்கே விற்றவரும் அவர்தான். சமாதானம் பேசிய நாவே விலையும் பேசியது!

ஆனால் சார்க்கோசியின் பேராசையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் முழு உண்மையைச் சொன்னதாகாது. அத்லாந்திக் கரையிலே சென் நசேர் என்றோர் ஊர். 'குவீன் மேரி 2' என்னும் பெருங்கப்பல் கட்டப்பட்டது அங்கேதான். உலகப் பொருளாதாரம் 2008இலே சரிந்தபோது, உல்லாசக் கப்பல் வாங்குவோர் குறைந்தனர். அந்தக் கட்டுத்துறையிலே வேலை சுருங்கிற்று. பற்றவைப்புக் கருவியைக் கையிலே ஏந்தியவன், இந்தத் தகடு எந்தக் கரையிலே போய் நிற்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படைக்கலத் தொழிலைத் தவிர வேறு வாழ்வு காட்டாமல், பிறகு அவனுடைய பசியையே கேடயமாகப் பிடித்துப் பேரம் நடத்துகிறவர்களைத்தான் குற்றம் சொல்லுவேன். பின்னாளில் அந்த ஊர்த் தெருக்களிலே இருவகை ஊர்வலமும் நடந்தன. கப்பலைக் கொடு என்பாரும், கொடாதே என்பாரும்.

கப்பல்கள் உருவாயின. பின்பகுதிகளை ரஷ்யத் தொழிலாளரே பால்டிக் கட்டுத்துறையில் கட்டி, கடல்வழியே இழுத்து அனுப்பினார்கள். காமோவ் ஹெலிகாப்டருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைச் சுழலிகள் உண்டாகையால், அதன் உயரத்துக்கேற்ப உட்கூடத்தை உயர்த்தினார்கள். பனிக்கட்டிக்கு ஈடுகொடுக்க உடலை வலுப்படுத்தினார்கள். இதற்குள் செர்தியூக்கோவ் பதவியிழந்தார். குளிர் மிகுந்த கடலுக்கு ஏற்ற கப்பல்தானா இது என்று துணைப் பிரதமர் ரோகோசினே குறைபட்டுக்கொண்டார்.

முதற் கப்பலுக்கு 'விளாதிவோஸ்தோக்' என்று பெயர். இரண்டாவதற்கு? 'செவஸ்தபோல்'. 2013இலே அந்தக் கப்பலின் வேலை தொடங்கியபோது, செவஸ்தபோல் உக்ரைன் நாட்டு நகரம். ரஷ்யக் கடற்படை அங்கே உடன்படிக்கையின்படி தங்கியிருந்தது. குடியிருந்த வீட்டின் பெயரைத் தன் கப்பலுக்குச் சூட்டினார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சிலே, அந்த வீட்டையே, கிரிமியா முழுவதையுமே, தம்முடையது என்று சேர்த்துக்கொண்டார்கள்.

2014 ஜூன் இறுதியிலே சுமார் 400 ரஷ்ய மாலுமிகள், கப்பலை இயக்கக் கற்றுக்கொள்வதற்காகச் சென் நசேருக்கு வந்து இறங்கினார்கள். ஜூலை 17ஆம் நாள் உக்ரைன் வானிலே மலேசியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 உயிர்கள் போயின. அதன் பிறகும் உடனே நின்றுவிட்டதா பேரம் என்றால், இல்லை! இழுத்தார்கள். செப்டம்பரிலே, ஏற்ற சூழ்நிலை இல்லை என்றார் புதிய தலைவர் ஒல்லாந்த். நவம்பரிலே, மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைப்பு என்றார். கட்டி முடித்த கப்பல் கரையிலே நிற்கிறது. ஓட்டக் கற்ற மாலுமிகள் பக்கத்திலே காத்திருக்கிறார்கள். சாவி மட்டும் வரவில்லை. டிசம்பரிலே மாலுமிகள் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

2015 ஆகஸ்டு 5ஆம் நாள் ஒப்பந்தம் முறிந்தது. ஏறக்குறைய 95 கோடி யூரோவைப் பிரான்சு திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பிற்று; ஆண்டுகள் திரும்பினவா? சிறு நாடுகளின் அச்சத்துக்கு மதிப்பளித்து விற்பனை நின்றது என்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் அதே அதிகாரம் நாளை வேறொரு நாட்டின்மீது, நேர்மையில்லாத காரணத்துக்காகவும் செலுத்தப்படலாம். விற்றவன் கையிலே சாவி இருக்கிறது என்பது, நல்லவனுக்கும் பொல்லாதவனுக்கும் பொதுவான உண்மை.

நம் கதையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2007இலே இந்தியக் கடற்படை அமெரிக்காவின் பழைய படையிறங்கு கப்பலான 'டிரென்டன்' என்பதை வாங்கி, 'ஜலஷ்வா' என்று பெயரிட்டது. 2020 ஜூனிலே, தொற்றுநோய்க் காலத்தில், கொழும்பிலும் மாலேயிலும் தவித்தவர்களை நம் தூத்துக்குடித் துறையிலே கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கப்பல்தான்; அதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். ஆயினும் வாங்கியபோது போட்ட நிபந்தனைகளைக் கணக்குத் தணிக்கைத் தலைவரே 2008இலே சுட்டிக்காட்டிக் கண்டித்தார். தாக்குதலுக்குப் பயன்படுத்துவதிலே கட்டுப்பாடு. விற்றவர்கள் வந்து பொருட்களைச் சோதித்துப் பார்க்கும் உரிமை. விலை கொடுத்து வாங்கிய மாட்டை, விற்றவன் வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பதா? அந்த நிபந்தனைகள் கையெழுத்துக்கு முன்னரே நாடாளுமன்றத்தின் மேசைக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் என்னவாயின? எகிப்து வாங்கிக்கொண்டது. 2016இலே ஒப்படைக்கப்பட்ட முதற் கப்பலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கமால் அப்துல் நாசர்'! தோழர்களே, 1956ஐ நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சூயெசுக் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார் என்பதற்காக நாசரை ஒழித்துக்கட்டப் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தன. அந்த நவம்பர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டர்கள் எழும்பிப் போர்ட் சயீதிலே வீரர்களை இறக்கின. கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்கள் வழியே பெரும்படை இறக்கும் போர்முறை உலகிலே முதன்முதலாக அரங்கேறியது அன்றுதான், நாசரின் மண்ணிலேதான். அறுபது ஆண்டுகள் கழித்து, அதே வகைக் கப்பலை, அன்று படையெடுத்த பிரான்சே கட்டி, காசு வாங்கிக்கொண்டு, அவர் பெயரை எழுதி அனுப்பிவைக்கிறது. ஹெலிகாப்டர்களை எகிப்துக்கு விற்றதோ ரஷ்யா, 46 காமோவ்கள். கப்பல் போனாலும் ரஷ்யாவுக்கு வணிகம் போகவில்லை.

ரஷ்யா தன் சொந்தக் கட்டுத்துறையிலேயே இரண்டு ஹெலிகாப்டர் கப்பல்களுக்கு 2020 ஜூலை 20ஆம் நாள் அடியிட்டது. எங்கே? கிரிமியாவின் கெர்ச் நகரிலே. அதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பெரும்போர் மூண்டது. 2022 மார்ச்சிலே 'சரத்தோவ்', 2023 டிசம்பரிலே 'நோவோசெர்காஸ்க்', 2024 பிப்ரவரியிலே 'சீசர் குனிக்கோவ்' என்று ரஷ்யாவின் படையிறங்கு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. சொல்லிக்கொள்ளும்படியான கப்பற்படையே இல்லாத உக்ரைன், ஏவுகணைகளாலும் ஆளில்லாப் படகுகளாலும் அவற்றை அழித்தது. சீசர் குனிக்கோவைக் கவிழ்த்த படகுகள் நம் கடற்கரை மீன்பிடி வள்ளத்தைவிடப் பெரியவையல்ல. அவற்றுக்கு நடுவே 199 மீட்டர் நீளக் கப்பலொன்றும் நின்றிருந்தால் 40 நிமிடக் கணக்கு என்னவாகியிருக்கும் என்று விசோத்ஸ்கியைத்தான் கேட்க வேண்டும்.

இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கேள்விகள் இருப்பின் கேளுங்கள்.