மலையா? மக்களா?

நடுவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புச் சகோதரர்களே! இந்தப் பனியிலும் காதை மூடி, வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருக்கும் பிக்கட்டிப் பெருமக்களே! வணக்கம். (கைதட்டல்)

'உதகைக்கும் நுவரெலியாவுக்கும் உறவு சேர்த்தது மலையா, மக்களா?' இதுதான் தலைப்பு. மக்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் பூகோளத்தைப் பிழிந்து சாறாகக் கொடுத்துவிட்டார். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், நுவரெலியா 1,868 மீட்டர். இங்கே தொட்டபெட்டா, அங்கே இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல. இங்கே சோலையில் சிவப்பாகப் பூக்கிற ரோடோடெண்ட்ரான் அங்கே ஹோர்ட்டன் சமவெளியிலும் பூக்கிறது. இங்கேயும் கேரட், அங்கேயும் கேரட். எல்லாம் சரிங்க ஐயா! ஆனால் அந்தப் பூ இந்தப் பூவுக்குக் கடிதாசி போடுமா? அந்தக் கேரட் இந்தக் கேரட் வீட்டுக் கல்யாணத்துக்கு வருமா? (சிரிப்பு)

சரித்திரத்துக்கு வாங்க. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலை ஏறினார். அதே 1819-இல் டாக்டர் ஜான் டேவி நுவரெலியாவைப் போய்ப் பார்த்தார். ரெண்டையும் 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதி வைத்தார்கள். ஏன், தோடரும் கோத்தரும் படகரும் அதுவரைக்கும் தொலைஞ்சா போயிருந்தாங்க? (பலத்த கைதட்டல்) குளிர்ந்த இடம் கிடைத்ததும் ரெண்டு ஊரிலும் ஒரே வேலைதான். பங்களா, கோல்ஃப், ஏரி. இங்கே சல்லிவன் ஏரி அமைத்தார், அங்கே 1873-இல் கவர்னர் கிரகரி. அந்த ஏரிக்கு இன்றும் கிரகரி என்றே பெயர். மண் சுமந்தவன் பெயர் எந்த ஏரிக்கும் இல்லை.

அந்த மண் சுமந்தவன் கதைதான் என் கட்சி. காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று 1820-களிலிருந்து தமிழ்நாட்டுச் சனங்களைக் கூட்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. காப்பி போச்சு, தேயிலை வந்தது. சனம் அங்கேயே இருந்தது. 1948-இல் ஒரு சட்டம் வந்து, லட்சக்கணக்கான பேரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு 1974-இல் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஆட்டுச் சந்தையில்கூட தாயையும் குட்டியையும் சேர்த்து விலை பேசுவான். இங்கே ஒரே வீட்டில் அப்பா இந்தியா, கட்டிக்கொடுத்த மகள் இலங்கை!

ரயிலேறித் தலைமன்னார், கப்பலேறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டத்தை நீலகிரியில் தொடங்கினார்கள். நம்ம 'டான்டீ' பிறந்த கதை அது. வேலை கிடைக்காதவர்கள் கிழங்குத் தோட்டங்களில் கூலிக்குப் போனார்கள்.

அப்படி ஒரு வீட்டுப் பையன் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தான். தென்னிந்திய வரைபடம் போடச் சொன்னால், கேட்காமலே கீழே இலங்கையையும் வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைப்பான். "டேய் சிலோன்காரா!" என்று வகுப்பே சிரிக்கும். நடுவர் அவர்களே, முதல் குரல் பெரும்பாலும் என்னுடையது. ஒருநாள் அவன் நிதானமாகச் சொன்னான்: "அங்க எங்கள இந்தியாக்காரன்னு சொன்னாங்கடா."

எங்க அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. இந்தக் குந்தா மின் திட்டம் கனடா நாட்டு உதவியில் வந்தது. அந்த உதவி எந்த ஏற்பாட்டில் வந்தது தெரியுமா? 1950-இல் கொழும்பில் கூடிப் பேசிய 'கொழும்புத் திட்டம்'! கொழும்புப் பெயரில் வந்த கரண்டில் விளக்குப் போட்டுக்கொண்டோம். கொழும்பு நாட்டிலிருந்து வந்த பையனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். (கைதட்டல்) கை தட்டாதீங்க. இது எனக்குக் கைதட்டு வாங்குகிற இடமில்லை.

அவன் இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறான். நேற்று ராத்திரி போன் போட்டேன். "இந்தத் தலைப்பில் பேசப் போறேன்டா, எதிரணி மலைதான்னு சொல்லுது. என்ன சொல்லட்டும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்க அக்கா இன்னும் நுவரெலியாவிலதான் இருக்கு. அங்கயும் இந்த டி.வி. தெரியும்டா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க தம்பி.

அக்கா! ஒங்க தம்பி நல்லாருக்கான். ரெண்டு பேரப்பிள்ளை. நீங்க போன மாசம் பேசுறப்ப முழங்கால் வலின்னு சொன்னீங்களாம், அதையே நினைச்சுக்கிட்டு இருக்கான்.

நடுவர் அவர்களே, மணி அடிச்சுட்டீங்க. வணக்கம்.