தாதியர் கல்லூரிக்கு மறுவழி

அமெரிக்காவிலே கல்லூரிச் சராசரிப் புள்ளியின் உச்சம் பொதுவாக 4. 2.5 பெற்ற மாணவி, தாதியர் கல்லூரியின் கதவு தமக்கு அடைபட்டதென்று சோர்வதுண்டு. ஆயினும் சராசரி முழுவதையும் உரைப்பதில்லை. பல கல்லூரிகள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனவியல் ஆகிய பாடங்களின் புள்ளிகளைத் தனியே நோக்குகின்றன. மருந்தின் அளவு பிழைத்தால் நோயாளி பிழையார். ஆதலின் இக்கண்டிப்பு முறையே.

அப்பாடங்களை மீண்டும் கற்று உயர்ந்த புள்ளி பெறுதல் ஒரு வழி. சில கல்லூரிகள் புதிய புள்ளியை மட்டுமே கொள்ளும். சில பழையதையுஞ் சேர்த்தே கணிக்கும். பணங் கட்டுமுன் விசாரித்தறிதல் நன்று.

செயன்முறைத் தாதி என்னும் கீழ்ப்படியில் ஓராண்டளவு பயின்று, பின்னர் மேற்பயிற்சிக்குச் செல்லுதல் மற்றொரு வழி. ஈராண்டுக் கல்லூரியிற் பயின்றவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் பதிவுத் தாதியாவதற்கு எழுதுவது ஒரே பரீட்சையே. வந்த வழி நீண்டதாயினும் அடையுந் தகுதி குறைவதில்லை.