முடுக்குமுன் கேளுங்கள்

மன்னார்த் தீவின் தாராபுரத்திலே வீசுவது உப்புக் காற்று. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்திலே உருவான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அங்கே காலையில் இயங்க மறுக்கிறது. இயங்கினாலும் நின்ற நிலையில் குலுங்குகிறது என வைத்துக்கொள்வோம். உடனே காபரேற்றரின் திருகாணியை முடுக்குவோர் பலர். அதுவே முதற்பிழை.

முதலில் மின்பொறியைக் கவனியுங்கள். பிளக்கிலே கரி படிந்துள்ளதா? வயர் முனைகளிலே பச்சைக் களிம்பு ஏறியுள்ளதா? உப்பங்காற்று செய்யும் வேலை அது. துடைத்து உலர்த்துங்கள்.

அடுத்தது காற்று. நின்ற நிலையில் எஞ்சின் உட்கொள்ளும் காற்று மிகச் சொற்பம். ஆதலால், நைந்த காஸ்கெட் வழியே சிறிது காற்றுக் கசிந்தாலும் பெற்றோற் கலவை மெலிந்துவிடும். விரைந்தோடும்போதோ அக்கசிவு பொருட்டாகாது. ஓடும்போது சீராகவும் நிற்கும்போது குலுக்கமாகவும் இருந்தால் இதனை ஐயுறுங்கள்.

காபரேற்றரின் முறை இறுதியிலேதான். இவ்வண்டிக்கு வழக்கமாக இரண்டு உண்டு. காற்று வடிகட்டிகளைக் கழற்றி, எஞ்சினை இயக்கி, இறப்பர்க் குழாயொன்றின் ஒரு முனையை ஒவ்வொன்றின் வாயருகிலும் மாறி மாறிப் பிடித்து, மறுமுனையைக் காதில் வையுங்கள். இரண்டு சீறல்களும் ஒத்திருத்தல் வேண்டும்.

காரணம் அறியாது திருகாணியை முடுக்கினால், இருந்த பழுதும் நீங்காது. இல்லாத பழுதொன்றும் வந்து சேரும்.